பஸ் திரும்பும் இடத்தில் தொடங்கும் அமைதி

மட்டக்குளியில் வாழ்பவர்களுக்கு மௌனம் என்பது அகராதியில் மாத்திரம் காணப்படும் ஒரு சொல். துறைமுகத்தை நாடிச் செல்லும் கொள்கலன் லொறிகளுக்கு இரவும் பகலும் ஒன்றே. முச்சக்கர வண்டியின் உறுமல், மீன்காரரின் கூவல், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, மேல்மாடியில் ஓடும் குழந்தைகளின் காலடி, இவையெல்லாம் சேர்ந்ததே நமது வாழ்க்கை. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் நிலைமை இதுதான். வெள்ளவத்தையில் கடலோசை கேட்கும் என்பார்கள். காலி வீதியின் இரைச்சல் அதனையும் விழுங்கிவிடுகின்றது.

வகுப்பிலே ஒருநாள் மாணவர்களைப் பார்த்து, "உங்களில் யாரேனும் முழு இருட்டையும் அதிலே நிறைந்த நட்சத்திரங்களையும் கண்டதுண்டா?" என்று கேட்டேன். "கண்டிருக்கிறோம் சேர், கரண்ட் இல்லாத காலத்தில்" என்று பின்வரிசையிலிருந்து விடை வந்தது. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட அந்த நாட்களையே அவன் குறிப்பிட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால், வானத்தைக் காண ஒரு நாடு வங்குரோத்தாக வேண்டியிருந்தது என்பது சிரித்துவிட்டு மறக்கக்கூடிய செய்தியன்று.

"மலைப்பக்கம் போய் இரண்டு நாள் தங்கி வரலாமே?" என்றால் பெற்றோர் உடனே இரண்டு காரணங்களைச் சொல்வர். முதலாவது பணம். வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, விடுதியில் அறை எடுத்து, ஐந்து பேர் கொண்ட குடும்பம் போய்வருவதென்றால் ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும். இரண்டாவது காரணம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. அதுதான் பயம்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று நாற்பது வயதைக் கடந்து நிற்கும் கொழும்புத் தமிழர் வளர்ந்த காலம் சோதனைச் சாவடிகளின் காலம். முதுகிலே பெரிய பையைச் சுமந்துகொண்டு அறியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும் ஒரு தமிழ் இளைஞன் எத்தனை கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருந்திருக்கும்! "வீட்டிலே இரு" என்று தாய்மார் சொன்னதில் வியப்பில்லை. 2009இல் போர் முடிந்தது, சாவடிகள் அகன்றன. எனினும், காட்டுப் பாதையில் நடக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்குக் கிட்டாமலே போயிற்று. நாம் கற்காததை நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது?

நல்லவேளையாக, இதைக் கற்க மோட்டார் வண்டி தேவையில்லை. இலங்கை சிறிய தீவு. புகையிரதமும் பஸ்ஸும் அதன் மூலைமுடுக்குகளையெல்லாம் தொட்டு நிற்கின்றன. வான்களில் வரும் கூட்டம் பெரும்பாலும் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றியே உலவும். ஒரு மணிநேரம் நடக்கச் சம்மதிப்பவனுக்கு அக்கூட்டம் பின்தங்கிவிடும். பஸ் எங்கே திரும்புகின்றதோ, அங்கேதான் அமைதி தொடங்குகின்றது.

வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்

நமது ஊருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 145 கிலோமீட்டர் ஓடிவரும் களனி கங்கை கடலோடு கலப்பது மட்டக்குளியின் ஓரத்திலேதான். நம்மில் பலர் அந்த ஆற்றைப் பாலத்தைக் கடக்கும்போது மாத்திரமே பார்க்கிறோம். அந்த ஆற்றையே வழிகாட்டியாகக் கொண்டால் கடலிலிருந்து மலை உச்சிவரை ஓர் அருமையான பயண வரிசை கிடைத்துவிடும்.

முதற்படி ஆற்றின் மறுகரை. பாலத்தைக் கடந்து ஹெந்தலப் பக்கம் சென்றால், வடக்கே நீர்கொழும்புக் களப்பை நோக்கி நேர்கோடாக ஓடும் ஒரு கால்வாயைக் காணலாம். அதுவே ஹமில்டன் கால்வாய். ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தது, நீளம் 14.5 கிலோமீட்டர். முத்துராஜவெலச் சதுப்பு நிலத்திலிருந்து உப்பு நீரை வடியச் செய்து மீண்டும் நெல் விளைவிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். நெல் விளையவில்லை, கால்வாய் மாத்திரம் நிலைத்தது. அதன் கரையோரமாகக் காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். கொக்கும் நீர்க்காகமும் தம் வேலையில் ஈடுபட்டிருக்கும். கபரக்கொய்யா ஒன்று அவசரமின்றி நீரில் இறங்கும். வலையை உதறும் மீனவரின் பேச்சொலி நீரின்மீது நெடுந்தூரம் கேட்கும்.

பமுணுகமப் பக்கம் செல்லும் பஸ்ஸில் ஏறினால் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தையே அடையலாம். அங்கே போபிட்டியில் பார்வையாளர் நிலையமும் படகுகளும் உள்ளன. அந்நிலத்தின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்டது. தலைநகரின் காலடியிலே இப்படியொரு நீர்க்காடு இருக்கின்றதென்பதே பலருக்குத் தெரியாது. சிறு பிள்ளைகளுடைய குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த முதற்பாடம் இல்லை. அரை நாள் போதும். மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஆற்றின் நடுப்பகுதி

இரண்டாம் படி கித்துல்கல. கோட்டையிலிருந்தோ மருதானையிலிருந்தோ களனிவெளிப் பாதைப் புகையிரதத்தில் அவிசாவளைவரை செல்லலாம். அது விரைந்து ஓடும் வண்டியன்று. வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு போகும். பின்பு இறப்பர்த் தோட்டங்கள் தோன்றும். அவிசாவளையிலிருந்து ஹற்றன் வீதியில் போகும் பஸ் கித்துல்கலையில் இறக்கிவிடும். புறக்கோட்டையிலிருந்து அவ்வழியாக ஹற்றனுக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினால் மாறி ஏறும் வேலையுமில்லை.

1957இல் வெளிவந்த "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்" என்னும் ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த இடம் இதுவே. ஆதலால் வார இறுதியில் இங்கே படகோட்டும் இளைஞர் கூட்டம் மிகுதி. ஆயினும் அவர்கள் எல்லோரும் ஆற்றிலேயே இருப்பர். மறுகரையில் மக்கந்தாவைக் காடு இருக்கின்றது. இக்கரையிலோ பெலிலென என்னும் குகைக்கு ஏறும் பாதை உண்டு. 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனித எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட குகை அது. அதன் கூரையின் கீழ் அமர்ந்து, முன்னே விழும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தால், நமக்கு முன்னரே அமைதியின் அருமையை அறிந்தோர் இங்கு வாழ்ந்தனர் என்பது விளங்கும். வரலாறு படிக்கும் மாணவர் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம்.

ஆறு பிறக்கும் மலை

மூன்றாம் படி, களனி கங்கை பிறக்கும் உயரம். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா என்னும் இரு சிற்றாறுகள் கூடியே களனியாகின்றன. மஸ்கெலி ஓயாவின் பிறப்பிடம் சிவனொளிபாதமலைத் தொடர். அதாவது, நம் வீட்டுக் குழாயிலே வரும் நீரில் ஒரு பங்கு அந்தப் புனித மலையிலே பெய்த மழை. 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையை நான்கு சமயத்தவரும் வணங்குகின்றனர்.

மார்கழியில் வரும் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். புகையிரதத்தில் அல்லது பஸ்ஸில் ஹற்றன் சென்று, அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ் ஏறுவது வழக்கமான வழி. வழியிலே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வரும். 1969இல் அது நிறைவுற்றபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீருக்குள் அமிழ்ந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் தலைகாட்டும்.

போயா நாட்களிலும் சனி, ஞாயிறுகளிலும் நல்லதண்ணிப் படிகளில் நிற்க இடமிராது. அமைதியை விரும்புவோர் வார நடுவில் போகலாம். நல்ல தேகபலமுள்ள மாணவர் மறுபக்கத்தால், குருவிட்ட, எரத்ன வழியாக ஏறலாம். இரத்தினபுரி வீதியில் குருவிட்டவரை பஸ்ஸில் சென்று, அங்கிருந்து எரத்னைக்குச் சிறு பஸ்ஸில் போக வேண்டும். அப்பாதை நீண்டது, செங்குத்தானது. ஆனால் பெரும்பகுதி காட்டுக்குள்ளே செல்கின்றது. ஒரே மலை, ஒரே உச்சி. ஒரு பக்கத்தில் சந்தை இரைச்சல், மறுபக்கத்தில் நீரோசை! யாத்திரைக் காலம் கழிந்தபின் அங்கே விளக்குமில்லை, கடையுமில்லை. மழையும் காற்றும் கடுமை. அப்போது போகாதிருப்பதே அறிவுடைமை.

வேக வண்டி நில்லாத நிலையங்கள்

இனி ஆற்றை விட்டுப் புகையிரதப் பாதைக்கு வருவோம். அமைதியான இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. புகையிரத நேர அட்டவணையை எடுத்து, வேகமான வண்டிகள் எந்த நிலையங்களில் நிற்பதில்லையென்று பாருங்கள். நமக்கு வேண்டியவை அவைதான்.

இஹலகோட்டே அத்தகையதொரு நிலையம். ரம்புக்கனையைத் தாண்டி கடுகண்ணாவையை நோக்கி வண்டி மூச்சுவாங்கி ஏறும் இடத்தில் இருக்கின்றது. அங்கிருந்து அலகல்ல மலைக்கு ஏறலாம். கண்டி மன்னரின் காவலர் தாழ்நிலத்திலிருந்து வரும் படைகளைக் கண்காணித்த மலை என்று அதனைச் சொல்வர். விடியற்காலையில் கொழும்பை விட்டால் மாலையில் திரும்பிவிடலாம். ஏற்றம் சற்றுக் கடினம். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. குளவிக் கூடுகள் இருக்கக்கூடுமாதலால் புகையும் கூச்சலும் வாசனைத் திரவியமும் ஆகாது.

அடுத்து ஊவா எல்லை. பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்திலுள்ளது; இலங்கையில் இதைவிட உயரமான புகையிரத நிலையம் இல்லை. அதற்கும் ஒஹியாவுக்கும் இடையிலே ஒரு சுரங்கம். அதன் ஒரு வாயிலில் மழையும் மூடுபனியும், மறு வாயிலில் பளிச்சென்ற வெயிலும் இருப்பது அங்கு சாதாரணக் காட்சி. இரு பருவக்காற்றுகளுக்கு நடுவே அம்மலை சுவராக நிற்பதே காரணம். ஒஹியாவில் இறங்கினால் சுமார் 11 கிலோமீட்டர் ஏற்றத்தில் ஹோட்டன் சமவெளி. இன்னும் அப்பால் இதல்கஸ்ஹின்ன. மலையின் முதுகிலே குந்தியிருக்கும் அச்சிறு நிலையத்தில் நின்றால் வலப்புறமும் பள்ளத்தாக்கு, இடப்புறமும் பள்ளத்தாக்கு. எல்ல நிலையத்திலே தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் கூட்டம் இங்கே இறங்குவதில்லை. தங்கமலைக் காட்டின் ஊடாக ஹப்புத்தளைப் பக்கம் நடந்து செல்ல ஒரு பாதையும் உண்டு.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்கு ஒரு பஸ் போகின்றது. தோட்ட மக்கள் பட்டணத்துக்கு வந்துபோகும் பஸ் அது. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையருகே அது நம்மை இறக்கிவிடும். அங்கிருந்து கொழுந்து மலைகளூடாக ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடந்தால், லிப்டன் அமர்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகக் கூறப்படும் உச்சி வரும். காலை ஒன்பது மணிக்குமுன் சேர்ந்துவிட வேண்டும். பின்னர் முகில் எல்லாவற்றையும் மூடிவிடும்.

தண்டவாளத்தின் வழியே நடந்து படம் பிடிப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அது சட்டத்துக்கும் மாறு, உயிருக்கும் ஆபத்து. வளைவிலும் சுரங்கத்திலும் வண்டி வரும் ஓசை காதில் விழுவதற்குள் வண்டியே வந்துவிடும்.

எப்போது போவது?

பருவத்தை அறியாத பயணம் பாதி வழியில் முடியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அக்காலத்தில் கித்துல்கல, சிவனொளிபாதமலை, அலகல்ல ஆகிய மேற்குச் சரிவுகளை விட்டுவிடுங்கள். அதே ஆடி, ஆவணி மாதங்களில் ஹப்புத்தளைப் பக்கம் வெயில் காயும். தை முதல் பங்குனி வரை மேற்குச் சரிவுகளுக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை எந்த மலைக்கும் ஏற்ற காலமன்று.

இதைச் சும்மா சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியை யார் மறப்பார்? அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை வெள்ளமும் மண்சரிவும் கொண்டுபோயின. மலைநாட்டிலே வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. அதே மழைநீர் களனி வழியே இறங்கிவந்து கரையோரத்து வீடுகளை மூழ்கடித்தது. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தது. ஆகவே எந்த நிலையம்வரை வண்டி ஓடுகின்றது, எந்தப் பாதை திறந்திருக்கின்றது என்பதைக் கோட்டை நிலையத்திலே விசாரித்தறிந்த பின்னரே பயணத்தைத் திட்டமிட வேண்டும். புகையிரதம் இல்லையென்றால் இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஹப்புத்தளைக்கு பஸ்ஸில் போகலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கு இருக்குமானால், ரிக்கெற் வாங்கியிருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுக. மலை எங்கும் ஓடிவிடாது.

கூடாரம் போடலாமா?

"ஓர் இரவு கூடாரத்தில் தங்க வேண்டும்" என்பது எல்லா மாணவர்களின் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் காடு கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பது இந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட செயலன்று. ஒதுக்குக் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர்கள் குறித்த இடத்திலே தங்க வேண்டும். தேயிலைத் தோட்டமானால் தோட்ட நிருவாகத்தின் சம்மதம் வேண்டும்.

பாடசாலைச் சாரணர் குழுவோடு போவது இவை எல்லாவற்றிலும் எளிய வழி. 1912இல் மாத்தளையிலே தொடங்கிய சாரணர் இயக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கூடாரம் கட்டவும் அடுப்பு மூட்டவும் அதைச் சுவடின்றி அணைக்கவும் கற்பித்து வருகின்றது. நம் பிள்ளைகளைச் சாரணியத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். பரீட்சைக்கு அது புள்ளி தராதென்பது உண்மை. ஆனால் மழையிலே நனைந்த விறகை எப்படிப் பற்றவைப்பது, பயந்த தோழனை எப்படித் தேற்றுவது என்பவற்றை எந்த டியூசன் வகுப்பு சொல்லித் தரும்?

முதல் முயற்சியிலேயே இரவு தங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பகல் நடைகளில் காலையும் மனத்தையும் பழக்கிய பின் கூடாரத்தைப் பற்றி நினைக்கலாம். கண்டிப் பட்டினத்தின் நடுவிலுள்ள உடவத்தைக்கலைக் காடு இதற்கேற்ற இடம். தலதா மாளிகைக்குப் பின்புறமாக 104 ஹெக்டேயர் பரப்பில் நிற்கின்றது. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

கையில் இருக்க வேண்டியவை

நில அளவைத் திணைக்களம் இலங்கை முழுவதையும் 1:50,000 என்னும் அளவில் 92 தாள்களாக வரைந்துள்ளது. ஊருக்குரிய தாளை வாங்கி மேசையில் விரித்து, பஸ் வீதி எங்கே முடிகின்றது, அதன் பின் ஒற்றையடிப் பாதை எவ்வழி போகின்றது என்று பிள்ளைகளுடன் தேடிப் பாருங்கள். சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம் செங்குத்து. விலகியிருந்தால் நடை இலகு. புவியியற் பாடத்தில் கசந்த விடயம் வீட்டு மேசையில் இனிப்பதைக் காண்பீர்கள். கைத்தொலைபேசி வரைபடம் நல்லதே. ஆனால் மலையிடுக்கில் அலைவரிசை கிடைக்காது, மின்கலமும் தீர்ந்துபோகும்.

உணவுக்குக் கடையை நம்ப வேண்டாம். தேங்காய்ச் சம்பல் மதியத்துக்குள் பழுதாகும். வறுத்திடித்த கட்டுச்சம்பலும் புளிச்சோறும் தாங்கும். வாழையிலையில் கட்டினால் குப்பையும் மிஞ்சாது. பனங்கட்டித் துண்டொன்று வாயிலிருந்தால் ஏற்றம் பாதியாகும். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ, மழைக்கு ஒரு மேலங்கி, இருட்டுக்கு ஒரு கைவிளக்கு, இவை போதும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலே எழுதி வைத்துவிட்டுப் போவது எல்லாவற்றிலும் முக்கியம்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது நடத்துநரிடம் ஒரு கேள்வி கேட்க மறவாதீர்கள்: "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" மலைநாட்டுச் சிற்றூர்களில் அது மாலை ஐந்து மணியாகவும் இருக்கலாம். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே நடையைத் தொடங்க வேண்டும்.

அமைதி யாருடையது?

கடைசியாக ஒன்று. நாம் அமைதியைத் தேடிப் போகும் மலைகள் வெறுமையான இடங்களல்ல. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது தொழிற்களம். நாம் நடக்கும் ஒற்றையடிப் பாதையைத் தோட்டத்தில் "குறுக்கு" என்பார்கள். 1823 முதலாகத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கிய பாதைகள் அவை. சூறாவளியிலே மண்ணோடு போன வீடுகளிற் பல அவர்களுடையவை. அவர்களுடைய லயத்து வாசலில் நின்று கேளாமல் படம் பிடிப்பதும், குடிநீர் ஊற்றிலே குளித்துச் சவர்க்காரம் கலப்பதும் நாகரிகமாகா. "அக்கா, இந்தக் குறுக்கு எங்கே போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். வழி மட்டுமா கிடைக்கும்? ஒரு குவளைத் தேநீரும், "கொழும்பிலே எந்தப் பக்கம்?" என்ற கேள்வியும் கூடவே வரும். கொழும்புத் தமிழருக்கும் மலையகத் தமிழருக்கும் இடையே பாடப்புத்தகம் போடாத பாலத்தை அத்தேநீர் போட்டுவிடும். சிங்களக் கிராமங்களிலும் இப்படியே. உடைந்த சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசி வழி கேட்கும் பிள்ளைக்கு அக்கிராமம் அந்நியமாகத் தோன்றாது. நம் தலைமுறையின் பயம் அவர்களிடம் தங்காது கழிவதற்கு அதுவே நல்ல மருந்து.

ஒலிபெருக்கியைப் பையிலே வைத்துக்கொண்டு போகிறவனுக்கு எந்த மலையிலும் மௌனம் கிட்டாது. அவனுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கும் கிட்டாது. 2021இல் கப்பலொன்று எரிந்து, பமுணுகமக் கடற்கரையெங்கும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியபோது நாம் எல்லோரும் மனம் வருந்தினோம். மலையிலே நாம் எறியும் ஒரு வெற்றுப் போத்தலும் ஓடையில் விழுந்து, களனியில் இறங்கி, ஒருநாள் மட்டக்குளி முகத்துவாரத்துக்கே வந்து சேரும். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

வரும் பாடசாலை விடுமுறைக்கு நீண்ட திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பிள்ளைகளை எழுப்பி, பாலத்தைக் கடந்து, ஹமில்டன் கால்வாய்க் கரையிலே ஒரு மணிநேரம் பேசாமல் நடந்து பாருங்கள். பிறகு, "அடுத்த முறை எங்கே?" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது வரைபடத்தை விரிக்கலாம்.